9.8-உம் முன்னப்பின்னவும்: இயற்பியல் சோதனைக் கதைகள் பற்றி ஒரு விமர்சனம்

மலர்க் குழு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், கம்பன், வள்ளுவர், சிலம்பு எல்லாம் நிறையவே வந்தாச்சு. நீங்க ஒருத்தராவது சயின்ஸ் பக்கம் ஏதாவது எழுதுங்களேன்" என்றார். நான் விஞ்ஞானி அல்ல. அறுபதுகளின் கடைசியில் தென் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் (அப்போது இயற்பியல் என்ற சொல் எங்கள் வகுப்பறைக்குள் வந்திருக்கவில்லை). பிறகு தில்லிக்கு வந்து முப்பத்து நான்கு வருஷம் மத்திய சர்க்கார் கோப்புகளைப் புரட்டினேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், அந்த வாரம்தான் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்னக் குற்றம் நடந்திருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

பேத்தி பதினொன்றாம் வகுப்பு. சி.பி.எஸ்.இ. பள்ளி. நம் ஊரில் ரெக்கார்டு நோட்டு என்போமே, அதை இங்கே பிராக்டிகல் ஃபைல் என்கிறார்கள். தனி ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை அன்று எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிய ஒரு காகிதம். அதில் மூன்று விடைகள்: 9.40, 9.55, 9.59. ஃபைலில் அவள் மையால் எழுதியிருந்ததோ 9.79, 9.81, 9.80. சராசரி 9.80.

"இது என்னம்மா கணக்கு?" என்று கேட்டேன்.

"தாத்தா, 9.4-னு எழுதினா மார்க் போயிடும். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. விடை தெரியும் இல்லையா, பின்னாடியிலிருந்து டைம் கண்டுபிடிச்சு எழுதிடுவோம்."

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். எனக்கு வந்தது 1018. அப்போது எங்களுக்கு எல்லாமே சென்டிமீட்டர், கிராம் கணக்கு. பரிசோதனைச் சாலையில் இருந்த டெமான்ஸ்ட்ரேட்டர் பார்த்துவிட்டு, "பூமி உனக்குன்னு தனியா இழுக்குதா?" என்று கேட்டார். மொத்த வகுப்பும் சிரித்தது. மறுநாள் ரெக்கார்டு நோட்டில் 979 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

இரண்டு தலைமுறையாக ஒரே பொய்யை எழுதுகிறோம் என்றால் அது பிள்ளைகளின் குணக்கேடாக இருக்க முடியாது. நாம் அவர்களுக்குச் சோதனைகளைப் பற்றி என்ன கதை சொல்லி வளர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சங்க நூலகத்தில் தமிழில் உள்ள அறிவியல் நூல்கள் ஏழெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். கூடவே பேத்தியின் ஆங்கிலப் பாடப் புத்தகம், அவள் வாங்கிவைத்திருக்கும் கைடு. தமிழ் நூல்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு, பெரும்பாலும் சொந்தச் செலவில், நம் பிள்ளைகளுக்காக எழுதியவர்கள். என் குறை அவர்கள் மேல் அல்ல, அவர்கள் கையாளும் அச்சின் மேல்.

அந்த அச்சு இதுதான். முதலில் ஒரு மாமேதை பிறக்கிறார். இளமையில் வறுமை. ஒரு நாள் ஒரு காட்சியைக் காண்கிறார். 'ஏன்?' என்று சிந்திக்கிறார். ஒரு சோதனை செய்கிறார், அது உடனே பலிக்கிறது. விதி பிறக்கிறது. கடைசிப் பக்கத்தில் அலகுகளின் அட்டவணை. நியூட்டன், ஜூல், வாட், ஆம்பியர் என்று பெரியவர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. இந்தக் கதைகளில் யாருக்குமே விடை தப்பாக வருவதில்லை. யாரும் இரண்டாம் தடவை அளப்பதுமில்லை. இதைப் படித்து வளரும் குழந்தை தனக்கு 9.4 வந்தால் என்ன நினைக்கும்? தன்னிடம்தான் கோளாறு என்று நினைக்கும். ரப்பரை எடுக்கும்.

கலிலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த நூல்களில் ஒன்று தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் மேல் ஏறி, கனமான குண்டையும் லேசான குண்டையும் கீழே போடுகிறார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. கூட்டம் வாய் பிளக்கிறது. இந்தக் காட்சி கலிலியோவின் சொந்த நூல் எதிலும் இல்லை. அவருடைய சீடர் விவியானி பிற்பாடு எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வருகிறது. நடந்திருக்கவே முடியாது என்று சாதிக்க வேண்டாம். ஆனால் அதை வைத்து ஒரு விதியை நிறுவ முடியாது. உயரத்திலிருந்து குண்டுகளைப் போட்டுப் பார்த்தவர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஹாலந்துக்காரரான சிமோன் ஸ்டெவின். 1586-இல் அதை அச்சிட்டும் இருக்கிறார். அவர் பெயர் நம் நூல்களில் அநேகமாக இல்லை.

கலிலியோ உண்மையில் செய்தது இதைவிட எவ்வளவோ சுவையானது. 1638-இல் வெளிவந்த 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலில் தானே விவரித்திருக்கிறார். பன்னிரண்டு முழ நீளத்தில் ஒரு மரப் பலகை. அதன் விளிம்பில் நேராக ஒரு வாய்க்கால் வெட்டி, அதை வழவழப்பாக்கித் தோல் தாள் ஒட்டினார். பலகையைச் சாய்த்து, அதில் ஒரு வெண்கலக் குண்டை உருட்டினார். நேராகக் கீழே போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும்; அளக்க முடியாது. அதனால் வீழ்ச்சியையே மெதுவாக்கிக்கொண்டார். நேரத்தை அளக்கக் கடிகாரம்? அவர் காலத்தில் வினாடியை நம்பகமாகக் காட்டும் கடிகாரம் கிடையாது. ஒரு பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய் வைத்து, குண்டு உருளும் நேரம் மட்டும் ஒழுகிய தண்ணீரைப் பிடித்து, தராசில் நிறுத்தார். நேரத்தைத் தராசில் நிறுத்த மனிதர்! முழுசாக நூறு தடவை திரும்பச் செய்ததாகவும், வித்தியாசம் நாடித் துடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை என்றும் எழுதுகிறார்.

இப்படியெல்லாம் துல்லியமாக அளந்திருக்க முடியாது, கற்பனைச் சோதனையாகத்தான் இருக்கும் என்று அலெக்சாந்தர் கொய்ரே என்ற பெரிய வரலாற்றறிஞர் கேலி செய்தார். 1961-இல் தாமஸ் செட்டில் என்பவர் அதே மாதிரி பலகையும் தண்ணீரும் வைத்துச் செய்து பார்த்து, கலிலியோ சொன்ன துல்லியம் கிடைக்கிறது என்று காட்டிவிட்டார். ஒரு குழந்தைக்குச் சொல்லச் சிறந்த கதை இது. முழம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தராசு இருக்கிறது. எல்லாம் நம் வீட்டுச் சாமான். ஆனால் நாம் கோபுரத்தைத்தான் சொல்கிறோம். கோபுரத்தில் 'வித்தியாசம் எவ்வளவு?' என்ற கேள்வியே எழுவதில்லை.

அந்தக் கேள்வியைத் தூக்கி எறியாத ஒருவரால் என்ன கிடைத்தது என்பதற்கு ஊசல் சம்பந்தப்பட்ட ஒரு கதையே இருக்கிறது. பேத்தியின் பாடப் புத்தகத்தில் இது இல்லை. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயென் என்ற ஊருக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடும்படி வைத்த ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. என் மாதிரி ஆளாக இருந்தால் கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் பத்து மாதம் திரும்பத் திரும்பப் பார்த்து, வினாடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசலை அங்கே ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் குட்டையாக்க வேண்டியிருக்கிறது என்று எழுதிவைத்தார். வெயிலில் கம்பி நீண்டிருக்கும் என்று சமாதானம் சொல்லப் பார்த்தவர்களும் உண்டு. நியூட்டன் தம் 'பிரின்சிபியா'வில் (1687) இந்த அளவீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பூமி முழு உருண்டை அல்ல, நடுவில் புடைத்தது என்று வாதாடினார். அந்த 2.8 மில்லிமீட்டரை ரிஷே 'திருத்தி' எழுதியிருந்தால் நியூட்டன் கையில் இருந்த ஒரு நல்ல சாட்சி போயிருக்கும்.

இதில் நமக்கு ஒரு சொந்தச் செய்தியும் இருக்கிறது. 1821-இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் இதே வினாடி ஊசலின் நீளத்தை அளந்தார். லண்டனில் 39.14 அங்குலம் இருந்தது, சென்னையில் 39.03 அங்குலம்தான். இன்றைய கணக்கில் சென்னையின் ஈர்ப்பு முடுக்கம் 9.783, தில்லியில் 9.791, துருவத்தில் 9.832. பல புத்தகங்கள் அடித்துச் சொல்லும் 9.81 இருக்கிறதே, அது லண்டன், பாரிஸ் ஊர்களுக்குப் பொருந்தும் எண். தில்லியிலோ திருநெல்வேலியிலோ ஒரு மாணவன் ஃபைலில் 9.81 என்று திருத்தி எழுதும்போது, தான் நிற்கும் மண்ணை விட்டுவிட்டு பாரிஸ் மண்ணை எழுதுகிறான். பொய்தான் எழுதுகிறோம், உள்ளூர்ப் பொய்யாகவாவது எழுதக் கூடாதா?

அலகுகளுக்கு வருகிறேன். அட்டவணையில் போட்டு மூடிவைக்கிற சமாசாரமே அல்ல இது. மீட்டர் என்பது எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1790 வாக்கில், வினாடி ஊசலின் நீளத்தையே உலகப் பொது அளவாக வைத்துவிடலாம் என்ற யோசனை பலமாக இருந்தது. அது இன்றைய மீட்டரில் 99.4 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான். அப்படி வைத்திருந்தால் அந்த ஊரில் ஈர்ப்பு முடுக்கம் சரியாகப் 'பை'யின் வர்க்கமாக, 9.87 ஆக இருந்திருக்கும். 'பை' வர்க்கமும் 9.8-உம் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று எந்தக் கைடும் சொல்வதில்லை. ஆனால் ஊசல் ஊருக்கு ஊர் மாறுகிறதே என்பதுதான் சிக்கல். ரிஷே சொன்ன அதே விஷயம். அதனால் ஊசலை விட்டுவிட்டு, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்று 1791-இல் முடிவு செய்தார்கள்.

அதை அளக்க இருவர் புறப்பட்டார்கள். டன்கர்க்கிலிருந்து தெற்கே தெலாம்பர். பார்சிலோனாவிலிருந்து வடக்கே மெஷேன். இந்த மெஷேனைப் பற்றித் தமிழில் விரிவாக யாராவது எழுத வேண்டும். பார்சிலோனாவில் இரண்டு இடங்களிலிருந்து அவர் எடுத்த அட்சரேகை அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வித்தியாசம் கோணத்தில் மூன்று வினாடிதான். தரையில் சுமார் 100 மீட்டர். மகா கவனமான மனிதர் அவர். அந்தக் கவனமே அவருக்கு எமனாயிற்று. வித்தியாசத்தை வெளியே சொல்ல முடியாமல் மறைத்தார். காகிதங்களைக் கொடுக்காமல் வருஷக்கணக்காக இழுத்தடித்தார். 1799-இல் பிளாட்டினத்தில் மீட்டர் செய்து விழா எடுத்தார்கள். ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. அவர் மட்டும் நொந்துகொண்டிருந்தார். அளவைச் சரிபார்த்துவிடலாம் என்று மறுபடியும் ஸ்பெயினுக்குப் போய், காய்ச்சல் கண்டு 1804-இல் அங்கேயே இறந்தார். அவர் குறிப்பேடுகளைப் பார்த்த தெலாம்பருக்குத்தான் விஷயம் தெரிந்தது. அவர் அவற்றை எரிக்கவில்லை. தம் குறிப்புகளையும் எழுதி பாரிஸ் வானாய்வகத்தில் ஒப்படைத்தார். இதில் வேதனையான வேடிக்கை என்னவென்றால், மீட்டர் இன்று ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் மெஷேனின் மூன்று வினாடி அல்ல; பூமியின் வடிவம் அவர்கள் நினைத்த அளவுக்கு ஒழுங்கானதாக இல்லை என்பதுதான். அந்த மனிதர் வீணாகவே வெந்து செத்தார்.

அமெரிக்காவின் மில்லிகன் கதையில் கொஞ்சம் நெருடலும் உண்டு. எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தவர், 1923-இல் நோபல் பரிசு பெற்றவர். 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, அறுபது நாட்கள் தொடர்ந்து சோதித்த துளிகள் எல்லாமே என்றார். அவர் நோட்டுப் புத்தகங்களைப் பிற்காலத்தில் ஜெரால்ட் ஹோல்டன் என்ற வரலாற்றாசிரியர் புரட்டியபோது, அளந்து விட்டுவிட்ட துளிகள் வேறு பலவும் இருந்தன. ஆலன் பிராங்க்ளின் என்பவர் அவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். விடை பெரிதாக மாறவில்லை. முன்னப்பின்ன இருக்கும் அளவுதான் கொஞ்சம் கூடுகிறது. ஆக மில்லிகன் நம் பேத்திகளைப் போல விடையை மாற்றி எழுதவில்லை. ஆனால் 'எல்லாமே' என்ற அந்த ஒரு சொல் சரியில்லை.

அவர் விடையோ வேறொரு காரணத்தால் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவாக இருந்தது. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் தப்பு. அதற்குப் பின்னால் நடந்ததை ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-இல் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அளந்தவர்கள் நேரே சரியான விடைக்கு வந்துவிடவில்லை. ஒருவர் கொஞ்சம் கூடுதலாக, அடுத்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக என்று மெல்ல மெல்லத்தான் ஏறினார்கள். மில்லிகனை விட ரொம்பக் கூடுதலாக வந்தால் தம்மிடம் தவறு தேடினார்கள். அவருக்குப் பக்கத்தில் வந்தால் தேடவில்லை. பெரிய ஆராய்ச்சியாளர்களையே '9.8' மயக்கம் இப்படிப் பிடித்திருக்கிறது.

இனி நம் தமிழுக்கு வருகிறேன். அளவீட்டில் வரும் ஏற்ற இறக்கத்துக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்திருக்கும் சொல் 'பிழை'. கருவிப் பிழை, சதவீதப் பிழை. கலைச்சொல்லாகப் பார்த்தால் குற்றமில்லை. ஆனால் தமிழ் காதுக்குப் பிழை என்றால் என்ன? பிழை பொறுக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டுகிறோம். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறோம். பிழை என்றாலே மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒன்று. ஸ்கேலில் மில்லிமீட்டருக்குக் கீழே கோடு இல்லை என்பதற்குக் குழந்தை ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆங்கிலச் சொல்லிலும் இதே வில்லங்கம் உண்டு. அதனால்தான் அவர்கள் இப்போது வேறு சொல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். நாம் அதை 'உறுதியின்மை' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அது இன்னும் மோசம். உறுதி இல்லாதவன் என்றால் யார் மதிப்பார்கள்?

இத்தனைக்கும் சரியான சொல் நம் கடைத்தெருவில் காலம் காலமாகக் கிடக்கிறது. "ரெண்டு கிலோ இருக்கும், முன்னப்பின்ன." "எட்டு மணிக்கு வந்துடுவேன், முன்னப்பின்ன ஆகலாம்." கூட்டல் கழித்தல் குறியை ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டு விஞ்ஞானிகள் எழுதுகிறார்களே, அதற்கு இதைவிட நேரான தமிழ் கிடையாது. அதில் வெட்கம் இல்லை, ஏமாற்றும் இல்லை. நம் பாட்டிமார்கள் படியில் அளக்கும்போதே தலைதட்டிய படியா, குவித்த படியா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். கொசுறு என்று ஒன்று கேட்டு வாங்குவதும் ஒரு விதத்தில் தராசின் மேல் உள்ள அவநம்பிக்கைதான். இவ்வளவு கணக்காகப் பேசத் தெரிந்த பாஷையில் சோதனைக் கதைகள் மட்டும் புராணமாக இருக்கின்றன.

தமிழில் அறிவியலைத் தெளிவாகச் சொல்ல முடியாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' எழுதியிருக்கிறார். பெ. நா. அப்புசாமி வாழ்நாள் முழுவதும் எழுதினார். சொற்களில் குழப்பம் உண்டுதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் ஒன்று, எடை என்றால் இன்னொன்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூலிலோ நம்முடைய நிறை 'திணிவு' ஆகிவிடுகிறது. நம்முடைய எடைக்கு அவர்கள் 'நிறை' என்கிறார்கள். ஒரே சொல், நடுவில் ஒரு கடல். இதையெல்லாம் குழந்தைக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். கோபுரத்தின் மேல் நிற்கும் மாமேதையைக் கீழே இறக்குவதுதான் கஷ்டம்.

தில்லித் தமிழர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன். பூசா பக்கம் போகிறவர்கள் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்ற சாலைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். வத்திராயிருப்பில் பிறந்தவர், 1928-இல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அந்த ஆய்வகத்தில்தான் இந்தியாவின் கிலோகிராம் இருக்கிறது: 57-ஆம் எண் கொண்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்துவிடக்கூடிய அளவு. உயரமும் விட்டமும் 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் மூலப்படி பாரிஸை அடுத்த செவ்ரில் 1889 முதல் உலகத்துக்கே கிலோகிராமாக இருந்தது. நூறு வருஷத்தில் மூலத்துக்கும் அதன் பிரதிகளுக்கும் நடுவே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. எது கூடிற்று, எது குறைந்தது? சொல்ல வழியில்லை, ஏனென்றால் மூலம் எவ்வளவு இருந்தாலும் அதுதான் சட்டப்படி ஒரு கிலோ!

அதனால் 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலிக்கு ஓர் எண்ணை நிலையாக வைத்து, அதிலிருந்து கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள். அதே நாளில் எலெக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிலையான எண் வந்தது: 1.602176634-ஐப் பத்தின் பத்தொன்பதாம் அடுக்கால் வகுத்தால் வரும் கூலும். மில்லிகன் துளித் துளியாக அளந்தது இப்போது அளக்கப்படும் எண்ணே அல்ல. நாமாக வைத்துக்கொண்ட எண். அதில் முன்னப்பின்ன கிடையாது. அப்படியானால் முன்னப்பின்ன தொலைந்துவிட்டதா? இல்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டியைத் தராசில் வைத்து 'இது ஒரு கிலோ' என்று சொல்லும் இடத்தில் இப்போது அது உட்கார்ந்திருக்கிறது. செவ்ரின் உருளையே இன்று முன்னப்பின்ன உள்ள ஒரு சாதாரண எடைக்கல்தான்.

சாப்பாட்டு மேஜைக்குத் திரும்புகிறேன். பேத்தியின் கிறுக்கல் காகிதத்தை நல்லவேளையாக அவள் எறியவில்லை. நூலின் நீளம் 48, 78, 98 சென்டிமீட்டர். விடைகள் 9.40, 9.55, 9.59. "இதைப் பார், நீளம் கூடக் கூட விடையும் ஏறுது இல்லையா? சும்மா கைத்தவறுன்னா மேலும் கீழுமா இருக்கணும். இது ஏன் ஒரே பக்கமா ஏறுது?" என்று கேட்டேன். உண்மையில் எனக்கும் அப்போது பதில் தெரியாது. வரைபடத் தாளை எடுத்து நீளத்தை ஒரு பக்கம், அலைவு நேரத்தின் வர்க்கத்தை மறு பக்கம் வைத்துப் போட்டோம். மூன்று புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் விழுந்தன. ஆனால் கோடு பூஜ்யத்தின் வழியாகப் போகவில்லை. நீள அச்சில் பூஜ்யத்துக்கு 2 சென்டிமீட்டர் பின்னால் போய் வெட்டியது. அதாவது எல்லா நீளத்திலும் 2 சென்டிமீட்டர் விட்டுப்போயிருக்கிறது.

அவள் ஒரு நிமிஷம் தாளையே பார்த்தாள். பிறகு, "தாத்தா, நான் முடிச்சு வரைக்கும்தான் அளந்தேன்! குண்டோட நடு வரைக்கும் அளக்கணும் இல்ல?" என்றாள். குண்டின் விட்டம் இரண்டரை சென்டிமீட்டர், அதன் பாதி ஒன்றேகால். மேலே கொக்கி முக்கால். ஆகக் கூட்டினால் இரண்டு. கோட்டின் சரிவை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் விடை 9.8, கைக் கடிகாரத்தில் அளந்ததற்கு முன்னப்பின்ன 0.1. அவள் ஃபைலில் அழித்த 9.40-க்குள் அந்தக் கொக்கியும் குண்டும் இருந்திருக்கின்றன. மாற்றி எழுதிய 9.79-க்குள் எதுவும் இல்லை.

புதுத் தாளில் மூன்று விடைகளையும் இருந்தபடியே எழுதி, வரைபடத்தையும் ஒட்டி, கொக்கி விஷயத்தைக் கீழே இரண்டு வரியில் எழுதிக்கொண்டு போனாள். மார்க்கு அரை குறைந்ததாம். சரி, போகட்டும்.

எனக்குத்தான் அன்றிலிருந்து என் 1018 உறுத்திக்கொண்டிருக்கிறது. அலைவுகளை எண்ணத் தொடங்கும்போது 'பூஜ்யம்' என்று தொடங்காமல் 'ஒன்று' என்று தொடங்கிவிட்டால் ஓர் அலைவு குறைந்துபோகும். 50 அலைவு எண்ணுவதாக நினைத்து 49 எண்ணியிருந்தால், எங்கள் ஊரின் 978 அப்படியே 1018 ஆக வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், அச்சாகப் பொருந்துகிறது. 20 அலைவாக இருந்தால் பொருந்தாது, 1084 வரும். அன்றைக்கு 50 எண்ணினேனா, 20 எண்ணினேனா? என் ரெக்கார்டு நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். 20 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பத்தி முழுவதும் 979-ஐ வைத்துக்கொண்டு பின்னாலிருந்து நான் எழுதியது.